கொதித்தாறிய தண்ணீரைப் பற்றரிக்கு ஊற்றலாமா?

மே 18 — கேள்வி

"அண்ணே, வீட்டில எப்பவும் கொதிச்சாறின தண்ணி இருக்கு. கேத்தலில நல்லாக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, வெள்ளைத் துணியால வடிச்சுத்தான் போத்தலில விடுறம். அதையே ஓட்டோ பற்றரிக்கு ஊத்தினா என்ன? கடையில விக்கிற போத்தலிலயும் 'காய்ச்சி வடித்த நீர்' எண்டுதானே எழுதியிருக்கு. நாங்களும் காய்ச்சித்தான் வடிக்கிறம். — திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு ஓட்டோக்காரன்"

மே 18, இரவு

ஊற்ற வேண்டாம்.

'வடித்தல்' என்ற ஒரே சொல்லுக்கு நாங்கள் இரண்டு வேலை கொடுத்துவிட்டோம், அதால் வந்த வினை. துணியால் வடித்தால் துணியில் நிற்பது மண்ணும் தூசும்தான். கரைந்த உப்பு நூலிடையால் தண்ணீரோடு தண்ணீராய்ப் போய்விடும். போத்தலில் எழுதியிருக்கும் வடித்தல் வேறு. அங்கே தண்ணீர் ஆவியாகிப் பாத்திரத்தை விட்டே வெளியேறி, இன்னொரு இடத்தில் குளிர்ந்து திரும்பத் தண்ணீராகிறது. உப்பு, இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் பழைய பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். சுண்ணாம்பில் ஒரு பங்கு கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படியும். கறியுப்பும் சல்பேற்றும் அசையாது. தண்ணீர் வற்ற வற்ற அவை செறியும்: லீற்றருக்கு 400 மில்லிகிராம் உப்பு இருந்த தண்ணீர் கால்வாசி வற்றினால் 530ஐத் தாண்டிவிடும். நன்றாகக் கொதிக்க வைத்தேன் என்றால் நன்றாகச் செறிய வைத்தேன் என்றும் பொருள்.

மே 19, காலை

பற்றரிக்கு ஏன் இவ்வளவு சுத்தம் என்று சீனன்குடாத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பற்றரிக்குள் இருப்பது சல்பூரிக் அமிலமும் தண்ணீரும். மின்னேற்றும்போது கூடுதலாகப் போகும் மின் தண்ணீரை ஐதரசனும் ஒட்சிசனுமாக உடைக்கிறது. அமிலம் எங்கும் போவதில்லை. குறைவது தண்ணீர், ஆகவே ஊற்றுவதும் தண்ணீர் மட்டுமே. இதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு கலத்திலும் 1 அம்பியர்-மணி கூடுதல் மின்னேற்றத்துக்கு 0.336 கிராம் தண்ணீர் போகும். 12 வோற்றுப் பற்றரியில் கலங்கள் 6, அதனால் அண்ணளவாக 2 கிராம்.

போகும் தண்ணீர் உப்பைக் கொண்டுபோகாது. லீற்றருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள குழாய்த் தண்ணீரை ஒரு லீற்றர் ஊற்றி முடித்தால் 0.3 கிராம் உப்பு உள்ளேயே குடியிருக்கும். உப்பில் உள்ள குளோரைட்டு நேர்த்தட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். இரும்பு, பற்றரியைச் சும்மா நிற்கும்போதே மின் இறங்கவைக்கும். எங்கள் கடலோரக் கிணறுகளில் சவர் ஏறும் காலத்தில் குளோரைட்டுக்குக் குறைவே இல்லை.

ஊற்றும் முறை: முதலில் தட்டு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தட்டை மூடும் அளவுக்கு மட்டும் ஊற்றி மின்னேற்றுங்கள். மிச்சத்தை ஏற்றி முடிந்த பிறகு, தட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் நிற்கும்வரை. இறங்கிய பற்றரியை விளிம்புவரை நிரப்பினால் ஏற்றும்போது அமிலம் பொங்கி மூடித் துளையால் வழியும். வழிந்தது அமிலம், திரும்ப ஊற்றுவது தண்ணீர். அப்படி நாலுதரம் நடந்தால் பற்றரிக்குள் கஞ்சித் தெளிவு மாதிரி ஒன்றுதான் மிஞ்சும்.

மே 19, மாலை

மாதம் 100 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குறைந்தால், தண்ணீரைத் தேட முன், மின்னேற்றும் வோற்றை அளவாக வைக்கும் ரெகுலேற்றரைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.4 வோற்று இருக்க வேண்டும். 15 என்றால் பற்றரி அவிகிறது.

மே 23

வீட்டிலேயே காய்ச்சி வடிக்க முடியாதா என்று மூன்று பேர். முடியும். லாபம் இல்லை. என்றாலும் சொல்கிறேன்.

பிறஷர் குக்கரில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மேலே குண்டு போடும் குழாயில் குண்டை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் சிலிக்கன் குழாயை இறுக்கமாகச் செருகுங்கள். அதன் மறுமுனையில் 8 மில்லிமீற்றர் செம்புக் குழாய், 3 மீற்றர், சுருளாக வளைத்து வாளித் தண்ணீருக்குள். சுருள் முழுக்கக் கீழ்நோக்கியே சரிய வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தங்கி, ஆவி தள்ளித் தள்ளி விக்கல் எடுத்த மாதிரித் துப்பும். பாதுகாப்பு வால்வில் கை வைக்காதீர்கள். வழியில் எங்கேயும் மூடியோ குழாய்ப்பூட்டோ வேண்டாம்.

முதலில் வரும் 100 மில்லிலீற்றரைக் கொட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் போன்ற, எளிதில் பறக்கும் சாமான்கள் அதில்தான் வரும். கால்வாசி மிஞ்சும்போது அடுப்பை நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் செறிந்த உப்புத் தண்ணீர் நுரைத்துத் துளித்துளியாக ஆவியோடு ஏறும்.

அடுப்பை அணைக்கும்போது குழாயின் நுனி சேர்ந்த தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. குக்கருக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும், வடித்ததை எல்லாம் குழாய் வழியே திரும்பக் குடித்துவிடும். பாடுபட்டதெல்லாம் ஒரு நிமிடத்தில் போகும்.

குளிர்விக்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

மே 24, அதிகாலை

போதாது. நேற்றுக் கணக்குப் போடாமல் எழுதிவிட்டேன்.

100 பாகையில் 1 கிலோ ஆவி தண்ணீராக மாறும்போது 2257 கிலோயூல் வெப்பத்தைக் கக்கும். வாளியில் 10 லீற்றர், 29 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். 1 கிலோ தண்ணீரை 1 பாகை ஏற்ற 4.18 கிலோயூல். வாளி 60 பாகைக்கு வர 1300 கிலோயூல் போதும். அதாவது அரை லீற்றரைச் சற்றுத் தாண்டும்போதே வாளி கைவைக்க முடியாமல் சுடும், பிறகு நுனியால் ஆவியே வரும். லீற்றருக்கு 20 லீற்றர் குளிர்ந்த தண்ணீராவது வேண்டும். வாளியின் அடியால் புதுத் தண்ணீர் விட்டு மேலால் வழியவிடுங்கள். சூடானது மேலே நிற்கும், ஆகவே மேலால்தான் போக வேண்டும்.

மின் அடுப்பென்றால்: 30 பாகையில் இருந்து கொதிவரை 293, ஆவியாக 2257, மொத்தம் 2550 கிலோயூல். 0.71 யூனிற். இழப்போடு 0.8 என்று வையுங்கள். இவ்வளவும் ஒரு லீற்றருக்கு. பெற்றோல் செட்டில் ஒரு போத்தல் வாங்குங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

மே 24, மாலை

இன்னொரு திருத்தம், இது முக்கியம். செம்புக் குழாய் என்று எழுதியது பற்றரித் தண்ணீருக்குப் பொருந்தாது. புதிதாக வடித்த தண்ணீர் இலேசான அமிலத்தன்மை உடையது, கரைக்க ஒன்றும் இல்லாததால் கிடைத்ததைக் கரைக்கும். செம்பு துளியளவு சேர்ந்தாலும் பற்றரி தானாக இறங்கும். துருப்பிடிக்காத உருக்குக் குழாய் அல்லது கண்ணாடி போடுங்கள். சிலிக்கன் குழாயை மட்டும் நீளமாகப் போடலாமா என்றால் போடலாம், ஆனால் அது வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. மூன்று மடங்கு நீளம் வேண்டும்.

மே 30

"இலேசான அமிலத்தன்மை" என்ற சொல் ஒருவரைத் தூங்கவிடவில்லைப் போல. கடையில் வாங்கியதற்குப் பீஎச் (அமிலத்தன்மை சொல்லும் எண், 7க்குக் கீழே என்றால் அமிலம்) பார்த்தாராம். 5.7. ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கிறார்.

இல்லை. புத்தகத்தில் இருக்கும் 7 என்பது காற்றே படாத, 25 பாகைத் தண்ணீருக்கு. மூடியைத் திறந்த உடனே காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டு கரையத் தொடங்கும். சமநிலைக்கு வந்தால் 5.6 சொச்சம். மூடி திறந்த போத்தலில் 7 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். அதோடு உப்பே இல்லாத தண்ணீரில் பீஎச் மீற்றர் தடுமாறும், எண் ஓரிடத்தில் நிற்காது. இந்தத் தண்ணீரைச் சோதிக்க அது சரியான கருவியும் இல்லை.

ஜூன் 2

சரியான கருவி கடத்துதிறன் மீற்றர். கடையில் டீடிஎஸ் (கரைந்த உப்பளவு) மீற்றர் என்று விற்கும் பேனைபோன்ற சாமான் அதன் தம்பி. அது உப்பை எண்ணுவதில்லை. மின் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கிட்டத்தட்ட பாதியால் பெருக்கிப் பிபிஎம் (லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று காட்டுகிறது.

மிகத் தூய தண்ணீரின் கடத்துதிறன் 25 பாகையில் சென்ரிமீற்றருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். அதை வீட்டில் யாரும் காணப்போவதில்லை. நல்ல காய்ச்சி வடித்த தண்ணீர் 1 முதல் 5 வரை, அதிலும் காபனீரொட்சைட்டின் பங்கு உண்டு. பேனை மீற்றரில் 0 முதல் 3 வரை வந்தால் ஊற்றுங்கள். 10ஐத் தாண்டினால் போத்தல் பழசு, அல்லது யாரோ குழாயடியில் நிரப்பியிருக்கிறார்கள்.

ஒரு பொறி: சாதாரணத் தண்ணீரின் கடத்துதிறன் ஒவ்வொரு பாகைக்கும் 2 சதவீதமளவு கூடும். வெப்பத்துக்குத் தானாகத் திருத்தாத மீற்றரால் 35 பாகைத் தண்ணீரை அளந்தால் 25ல் காட்டுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். ஓட்டோவின் பின்சீற்றில் வெயிலில் கிடந்த போத்தலை அளந்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஜூன் 3

அதே பொறி ஐதரோமீற்றரிலும் (பற்றரி அமிலம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் மிதவை) உண்டு, அங்கே திசை தலைகீழ். சூட்டில் அமிலம் விரிந்து இலேசாகும், எண் குறைவாகக் காட்டும். 27 பாகைக்கு அளவிட்ட கருவியென்றால், அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கூட்டுங்கள். 40 பாகையில் 1.240 காட்டினால் உண்மை 1.249. முழுக்க ஏறிய பற்றரி 1.265 முதல் 1.280 வரை நிற்கும்.

ஓடி வந்து நிறுத்திய சூட்டோடு அளந்துவிட்டு "கலம் செத்துட்டுது" என்று புதுப் பற்றரி வாங்கியவர்கள் இந்த ஊரில் குறைவில்லை. தண்ணீர் ஊற்றிய கையோடு அளப்பதும் பிழை. புதுத் தண்ணீர் அமிலத்தின் மேல் மிதந்து நிற்கும், கலக்க ஓர் ஏற்றமாவது வேண்டும்.

ஜூன் 11

ஏசியில் சொட்டும் தண்ணீர் பற்றி. அதுவும் காற்றில் இருந்த ஆவி குளிர்ந்த தண்ணீர்தான், கொள்கையில் வடிநீர். நடைமுறையில் அலுமினியத் தகடு, செம்புக் குழாய், ஒரு வருடத் தூசு, பூஞ்சணம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. நிலம் துடைக்க, ஜன்னல் கண்ணாடி கழுவ அருமை, திட்டு விழாது. பற்றரிக்கு வேண்டாம். குடிக்கவும் வேண்டாம்.

குடிப்பது பற்றி: காய்ச்சி வடித்த தண்ணீர் நஞ்சு இல்லை. ஒரு கோப்பை குடித்தால் ஒன்றும் நடக்காது, சப்பென்று இருக்கும். ஆனால் பற்றரிக்கென்று விற்கும் போத்தல் குடிநீர்ப் போத்தலாகத் தயாரிக்கப்பட்டதில்லை. அதுதான் சிக்கல்.

ஜூன் 12

மூதூரில் இருந்து ஓர் அக்கா வேறு கேள்வி கேட்டிருக்கிறார், இழையை அவர் பக்கம் திருப்புகிறேன். "கிணத்துத் தண்ணி விடியப்புறம் சூடாயும் மத்தியானம் குளிராயும் இருக்கே, அதென்ன அதிசயம்?"

தண்ணீர் மாறுவதில்லை, அக்கா. மாறுவது நீங்கள். மண்ணுக்குள் சில மீற்றர் ஆழத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் எட்டாது. அங்கே ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே நிற்கும். திருகோணமலையில் அது 28 பாகையை ஒட்டி. விடியற்காலைக் காற்று 24 என்றால் 28 சூடு, மத்தியானம் 34 என்றால் அதே 28 குளிர். வாளியில் வெப்பமானியை விட்டு இரண்டு வேளையும் பாருங்கள்.

கூரைமேல் கறுப்புத் தாங்கி இதற்கு நேர் எதிர். அங்கே வெயில் நேரே பிடிக்கும், மேல்பக்கம் சூடாகும், அடியில் சற்றுக் குறைவாக நிற்கும். குழாய் அடியில் இருப்பதால் முதலில் தப்பிக்கிறோம். பின்னேரம் தாங்கி பாதியானதும் மேல்தட்டு இறங்கிவரும். அதற்குமுன் வெளிச்சுவரில் கிடக்கும் பைப்பில் நிற்கும் ஒரு லீற்றர் இருக்கிறதே, அதுதான் தலையைச் சுடுவது.

ஜூன் 20

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றிக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. (கிண்ணியா இல்லை. அங்கே தயிர் வாங்கலாம், வெந்நீர் கிடையாது.) "கன்னியாத் தண்ணி ஏற்கெனவே சூடு, அதை எடுத்து வடிச்சா கறண்ட் மிச்சம்தானே?"

ஏழு கிணறுகளுக்கும் சூடு ஒன்றுக்கொன்று வேறு. 40ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்வோம். 28ல் இருந்து 40 வரை உள்ள 12 பாகை மிச்சம்: 50 கிலோயூல். மொத்தச் செலவோ 2550. நூற்றுக்கு இரண்டு. பஸ் காசுக்குக் காணாது.

தண்ணீரைச் சூடாக்குவது சின்னச் செலவு, ஆவியாக்குவதுதான் பெருஞ்செலவு என்பது இந்தக் கேள்வியில்தான் நன்றாகத் தெரிகிறது. பூச்சியத்தில் இருந்து நூறுவரை 418, நூறில் இருந்து அதே நூறுக்கு 2257. வெப்பமானி அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் அடுப்பு உழைக்கிறது. மறைவெப்பம் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

கன்னியாவின் சூட்டுக்குக் காரணம் எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. வரும் வழியில் மேல்மட்டத் தண்ணீர் எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவுக்குக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். இந்தக் கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதையை நான் மறுக்கவில்லை, இது அடியில் நடப்பது.

ஜூலை 4

மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று தொடங்கியாயிற்று. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்போதுதான். அதே மறைவெப்பம், அடுப்பில்லாமல். பானைச் சுவரால் கசிந்த தண்ணீர் காற்றில் ஆவியாகும்போது தேவையான வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடம் பிடுங்குகிறது. 30 பாகையில் 1 கிலோ ஆவியாக 2430 கிலோயூல் வேண்டும். கணக்குப்படி, 10 கிலோவில் 100 கிராம் ஆவியானாலே மிச்சம் ஆறு பாகைக்குக் கிட்ட இறங்க வேண்டும். வெளியிலிருந்து சூடு திரும்ப ஏறுவதால் அவ்வளவு வராது.

காற்று 34 பாகை, ஈரப்பதன் 55 சதவீதம் என்றால் பானை போகக்கூடிய எல்லை 27ஐச் சற்று எட்டாத இடம். நிழலில், காற்று படும் இடத்தில், மணல்மேல் வையுங்கள். வெளிப்பக்கம் வெண்மை படர்ந்தால் அது கசிந்த தண்ணீர் விட்டுப்போன உப்பு, துளைகளை அடைக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். எனாமல் பூசிய அழகுப் பானை குளிராது, பூந்தொட்டியாக வையுங்கள்.

ஜூலை 9

மைக்ரோவேவில் வடிநீரைச் சூடாக்காதீர்கள். வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் குமிழி பிறக்க இடமில்லாததால் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் சாதுவாக நிற்கும். கரண்டி போட்டதும் ஒரேயடியாக எழும்பி முகத்தில் அடிக்கும். ஆய்வுகூடத்தில் உடைந்த பீங்கான் துண்டு போடுவது இதற்காகத்தான். குக்கரிலும் இரண்டு துண்டு போடலாம்.

குளிரிலும் அதே பிடிவாதம். உறைகூடத்தில் அசையாமல் வைத்த வடிநீர்ப் போத்தல் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை போயும் தண்ணீராகவே நிற்கலாம். எடுத்துத் தட்டினால் கண்முன்னே உறையும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. ஆனால் கண்ணாடிப் போத்தலில் வேண்டாம், உறையும்போது 9 சதவீதம் விரியும்.

ஜூலை 15

மீன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. ஐஸ் கட்டியின் நடுவில் பால்போல் வெள்ளையாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு: தண்ணீர் வெளியில் இருந்து உள்ளே உறையும்போது உப்பையும் காற்றையும் தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் அவை நடுவில் மாட்டும். நல்ல ஐஸ் கம்பனியில் நடுவில் காற்றுக் குழாய் விட்டுக் கலக்குவார்கள், கடைசியில் நடுத்தண்ணீரை உறிஞ்சி எடுத்து நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள். சவர்த் தண்ணீரில் செய்த கட்டி நடுவில் பொருபொருத்து உடையும், சீக்கிரம் கரையும். உறையவைப்பதும் ஒருவகை வடிப்புத்தான், அரைகுறையானது.

1 கிலோ ஐஸ் கரைய 334 கிலோயூல். 1 கிலோ மீனை 30ல் இருந்து பூச்சியத்துக்கு இறக்க ஏறத்தாழ 110. கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போதும். பெட்டிச் சுவரால் ஏறும் சூட்டுக்கும் சேர்த்து எங்கள் வெயிலில் சரிக்குச் சரி போட வேண்டும்.

ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பவர்கள் இடைக்கிடை கலக்குங்கள். நன்னீர் 4 பாகையில்தான் அதிக அடர்த்தி, அதனால் மேலே பூச்சியமும் அடியில் 4ம் தனித்தனித் தட்டாக நிற்கும். கடல்தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. அது உறையும்வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகும், உறைவது −1.9ல்.

டிசம்பர் 6

மழை பிடித்துவிட்டது, "மழைத்தண்ணி கடல் ஆவியாகி வந்ததுதானே, வானமே வடிச்ச தண்ணி" என்று கேள்வியும் வந்துவிட்டது. வரிக்கு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் வாடைக்காற்று கடற்றுமியை ஊருக்குள் அடிக்கிறது, அதன் உப்புத்துகளைச் சுற்றியே மேகத்துளி கூடவும் செய்கிறது. ஓட்டிலும் தகரத்திலும் ஓடி வந்தால் காக்கை எச்சமும் சேர்த்தி. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கலங்கினால் குளோரைட்டு இருக்கிறது. சீலை தோய்க்க இதைவிட நல்ல தண்ணீர் இல்லை, சவுக்காரம் பாதி போதும்.

டிசம்பர் 7

ஜூலையில் எழுதிய பானையைப் பற்றி ஒருவர் குறைப்படுகிறார், இப்போது குளிரவில்லையாம். காற்று 27 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம். எல்லையே 25. இரண்டு பாகைக்கு மேல் எந்தப் பானையாலும் முடியாது. பானையை மாற்ற வேண்டாம், கச்சான் வரட்டும்.

டிசம்பர் 7, சற்றுப் பிறகு

உப்புவெளித் தம்பிக்கு: போத்தலை முழுக்க நிரப்பி வெயிலில் வைக்காதே. 20 லீற்றர்க் கானை 25 பாகையில் விளிம்புவரை நிரப்பி 45க்கு விட்டால் 140 மில்லிலீற்றருக்குக் கிட்ட விரியும், மூடியடியால் கசியும். குளிரும்போது அதே வழியால் வெளித்தூசை உள்ளே இழுக்கும். ஜின்ஜர் பீர் போத்தலிலும் ஊற்றி வைக்காதே.